சாரா உம்மாவின் காயிதம்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜலீல் வந்தபோது உம்மா மீன் ஆணத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஜலீல் வாசலில் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தார். தொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வெள்ளியும் அதே கதிரைதான். ஜன்னல் பக்கம் இருந்தது என் தம்பி ஹமீதின் கதிரை. அதில் யாரும் உட்காருவதில்லை. உம்மா அதன்மீது காய்ந்த துணிகளை மடித்து அடுக்கி வைப்பார்.

அன்று ஜலீல் இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை.

"என்ன மகன், ஆணம் உறைப்பா?" என்று உம்மா கேட்டார்.

"இல்ல மாமி. வயிறு நிரம்பிட்டு."

"பொய் சொல்லாத. அரைக் கோப்பையோட நிரம்புற வயிறா அது?"

ஜலீல் சிரித்தார். கை கழுவிவிட்டு வந்து, காற்சட்டையின் பின்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ரைஹானா, இத ஒருக்கா வாசிங்க. நான் வாசிச்சது சரியாண்டு பாருங்க."

கணக்கியல் முதுகலைப் படிப்பில் கடைசிப் பருவம் மட்டுமே அவருக்கு மீதியிருந்தது. அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசமில்லை. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது. நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில், நம்ப முடியாத ஒரு எண் வந்தால், அதே இரத்த மாதிரியை இன்னொருவர் கையில் கொடுத்து மறுபடி ஓட்டச் சொல்வோம். இரண்டாவது ஆளுக்கும் அதே எண் வந்தால்தான் நம்புவோம்.

நான் வாசித்தேன். எனக்கும் அதுவேதான் வந்தது. மாவட்ட நீதிமன்றம் ஜலீலுக்குக் கொடுத்த தண்டனை வெளிப்படையாகவே போதாதது, அதை எதிர்த்து அரச தரப்பு மேல்முறையீடு செய்கிறது.

"என்னவாம்?" உம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மேல் கோர்ட்டுக்குப் போறாங்க உம்மா. குடுத்த தண்டன காணாதாம்."

"ஆருக்குக் காணாது?"

"அரசாங்கத்துக்கு."

"அரசாங்கத்துட புள்ளயா மௌத்தானது?"

ஜலீல் தலையைக் குனிந்துகொண்டார். உம்மா அவருடைய கோப்பையை எடுத்து இன்னொரு கரண்டி சோறு போட்டு, மீனின் நடுத்துண்டை அதன்மேல் வைத்து, அவர் முன்னால் தள்ளினார்.

அது 2003 ஏப்ரல். ஹமீது இறந்து எட்டு மாதமாகியிருந்தது.

நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. ஜலீல் எங்கள் ஊர்க்காரர். அக்கரைப்பற்றில் அவர்கள் வீட்டுக்கும் உம்மா பிறந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். இந்த நாட்டுக்குப் படிக்க வந்தவர் எங்கள் ஹோம்புஷ் ஃபிளாட்டில் மூன்று மாதம் வரவேற்பறையில் படுத்திருந்துவிட்டு, பிறகு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்துப் போனார். இரவில் ஒரு பாண் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. வாப்பா நான் பள்ளியில் கடைசி வருடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். வாப்பா இல்லாத வீட்டில் மின்குமிழ் மாற்றுவது, ஹமீதுக்குக் கார் ஓட்டப் பழக்குவது எல்லாம் ஜலீல்தான். ஹமீதுக்குப் பத்தொன்பது வயது. நியூகாசிலில் ஒருவர் பழைய கார் ஒன்றை விற்பதாகப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையிலேயே போகவேண்டும், பிந்தினால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று நச்சரித்தான். ஜலீல் இரவு வேலை முடித்து நேரே வந்தார். நான் அன்று பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். புறப்பட்டு ஒன்றேகால் மணி நேரம் கழித்து, வயோங் பக்கம், ஜலீல் ஓட்டிய கார் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒரு மரத்தில் மோதியது. மழை இல்லை. வேகமும் இல்லை. பிரேக் பிடித்த தடமும் இல்லை. ஹமீது அந்த இடத்திலேயே முடிந்துவிட்டான். ஜலீலுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, தலையில் அடி. காலையில் தொழிற்சாலைக் கதவைத் தாண்டியதற்குப் பிறகு எதுவும் அவருக்கு நினைவில்லை. பொலிஸ் கேட்டபோது அதைத்தான் சொன்னார். குற்றத்தை முதல் நீதிமன்றத் தவணையிலேயே ஒப்புக்கொண்டார்.

ஹமீதின் மையித்தை ரூக்வூட் மையவாடியில் அடக்கினார்கள். பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி ஜலீல் மையவாடி வாசலிலேயே நின்றதாகவும், உள்ளே வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை என்றும் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் உம்மா அவரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வீடு நிறைய ஆட்கள். உம்மா எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, "நான் பொறுத்துட்டன்" என்றார். "எனக்கு ஒரு மகன் மௌத்தாகிட்டான். இவன்ட உம்மாக்கும் ஒரு மகன்தான். இனி ஆரும் இவன்ட பேரச் சொல்லிக் கதைக்க என்ட வாசலுக்கு வரப்படா. வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சா இவன் இங்கதான் தின்பான்."

எங்களிடத்தில் அது பெரிய சொல். இறந்தவனுக்கு உரிமையுள்ளவர் பொறுத்துவிட்டால் மனிதர்கள் பக்கத்தில் அந்த விஷயம் முடிந்தது, மீதி அல்லாஹ்விடம். ஓபர்னில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மீரா முகைதீன் ஹாஜியார் மட்டும் ஒருநாள் உம்மாவிடம், "சாரா உம்மா, பொறுக்கிறது வேற, வெள்ளிக்கு வெள்ளி ஆக்கிப் போடுறது வேற. ஊர் சிரிக்கிது" என்றார்.

"பொறுத்துட்டுப் பசியோட அனுப்புறதா ஹாஜியார்? அப்படியொண்டு எனக்குத் தெரியா. நீங்க அந்தக் கொத்தமல்லிய நிறுங்க."

நான் பொறுக்கவில்லை. யாரும் என்னிடம் கேட்கவுமில்லை. முதல் நான்கு மாதம் வெள்ளிக்கிழமைகளில் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். குசினியில் கோப்பை சத்தம் கேட்கும். உம்மாவின் குரல் கேட்கும். ஜலீலின் குரல் கேட்காது. ஹமீதின் வயதை ஒத்த யாராவது ரயிலில் காதில் இயர்ஃபோன் மாட்டி முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தால் நான் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். அழுகை வரவில்லை. எண்கள் வந்தன. ஒன்றேகால் மணி நேரம். எண்பத்தைந்து கிலோமீட்டர். உம்மா இன்னும் ஐந்து நிமிடம் எதையாவது பேசி அவர்களை நிறுத்தியிருந்தால் என்று எண்ணிப்பார்ப்பேன். பத்து நிமிடம் என்றால்.

வழக்குக்கு வழக்கறிஞராக யோகா அன்ரியைப் பிடித்துத் தந்தது ஹாஜியார்தான். யாழ்ப்பாணத்துக்காரர். ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தோசைக்கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். அங்கே கோப்புகளிலும் சாம்பார் வாசம் வரும். அவர்தான் முதலில் விளக்கினார்.

"இஞ்ச நீதவான் நினைச்சபடி குடுக்கேலாது, பிள்ளை. மேல் கோர்ட் ஒரு வழிகாட்டி போட்டு வைச்சிருக்கு. கார் ஓட்டி ஒரு ஆளைச் சாக்காட்டினால், குற்றத்தை ஒத்துக்கொண்டாலும், ஓட்டினவரில பெரிய பிழை எண்டால் மூண்டு வரியத்துக்குக் குறையப்படாது. ஒரு செக்கன் கவனம் பிசகினது எண்டு காட்டினால் மட்டும் நீதவான் அதைவிட்டு விலகலாம். நாங்கள் அதைத்தான் காட்டோணும். செத்த பிள்ளையின்ர தாய் ஒரு கடிதம் எழுதித் தந்தால் பெரிய உதவி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் அந்தக் கடிதத்தை எழுதினோம். உம்மா சொன்னார், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். உம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். ஜலீல் எப்படி வாப்பா மௌத்தான வீட்டுக்கு ஆண்பிள்ளையாக இருந்தார் என்று சொன்னார். அவரைச் சிறையில் போட்டால் தனக்கு இரண்டு பிள்ளைகள் இல்லாமல் போகும் என்றார். தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள், அக்கரைப்பற்றில் அவருடைய உம்மா ஜெய்னம்பு வீட்டையும் வளவையும் விற்று அவரை அனுப்பியவள் என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"இதையும் எழுது. அண்டைக்குக் காலத்தால அவன் வரக்குள்ள கண் ரெண்டும் செவந்து கெடந்திச்சு. நான் சொன்ன, மகன், ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பிட்டுப் போங்கண்டு. அவன் கேக்கல்ல. தேத்தண்ணி ஒண்டு தாங்க மாமி, போதுமெண்டான். நான் ஊத்திக் குடுத்த. நிண்டுக்கிட்டே குடிச்சான். நான் சாவிய எடுத்து ஒளிச்சிருக்கணும். ஒளிக்கல்ல. ஆனபடியா குத்தம் என்ட. அவன்ட இல்ல."

நான் பேனையை நிறுத்தினேன். ஹமீது இறந்து ஆறு மாதமாகியும் உம்மா இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

"இது வேணுமா உம்மா?"

"நடந்தத எழுது. பொய்க் காயிதம் எழுதிப் புள்ளய மீக்கேலா."

எழுதினேன். உம்மா சொன்ன அதே வரிசையில், ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் எழுதினேன். கண் சிவந்திருந்தது. படுக்கச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தேன். உம்மா அடியில் தமிழில் சாரா உம்மா என்று கையெழுத்து வைத்தார்.

மாவட்ட நீதிமன்றத்தில் வயதான ஒரு நீதிபதி இருந்தார். அவர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தாறு வருட அனுபவத்தில் இப்படியொரு கடிதத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். மகனை இழந்த தாய் பழியைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறாள், இந்த இளைஞனை அதைவிடக் கடுமையாக எந்தச் சிறை தண்டிக்கும் என்று கேட்டார். வழிகாட்டியை அறிந்தே அதிலிருந்து விலகுவதாகச் சொன்னார். இரண்டு வருடம், ஒத்திவைக்கப்பட்ட சிறை. ஜலீல் வாசலால் நடந்து வெளியே வந்தார். வீதியில் உம்மா அவருடைய நெற்றியில் முத்தமிட்டார். ஹமீது போன பிறகு அன்றைக்குத்தான் நான் அவரிடம் முதன்முதலாகப் பேசினேன். "ரயிலுக்கு நேரமாகுது" என்றேன்.

ஆறு கிழமைக்குள் அந்த உறை வந்தது.

மேல்முறையீடு ஆகஸ்டில் என்று தேதி குறித்தார்கள். ஜூலையில் யோகா அன்ரி என்னைத் தனியாக வரச்சொன்னார். மேசையில் அரச தரப்பின் எழுத்துவாதம் இருந்தது. பதினான்காம் பந்தியை எனக்குத் திருப்பிக் காட்டினார். அதில் உம்மாவின் வரி இருந்தது. மேற்கோள் குறிக்குள், நான் எழுதிய ஆங்கிலத்தில். கண்கள் சிவந்திருந்தன, ஓய்வெடுக்கச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. ஆகவே இது நொடிப்பொழுதுக் கவனப்பிசகு அல்ல. இரவு முழுதும் தூங்காத ஓட்டுநர், தெளிவான எச்சரிக்கையைப் புறக்கணித்து, நீண்ட பயணம் புறப்பட்டார். நீதிபதி வழிகாட்டியைவிட்டு விலக அடிப்படை இல்லை.

"நான் இதை வெட்டியிருக்கோணும்," என்றார் யோகா அன்ரி. "கண்டனான். யோசிச்சனான். ஆனா பிள்ளை, அந்த மனுசனைக் கண்கலங்க வைச்சதும் இந்த வரிதானே. இதை எடுத்தால் மிச்சக் கடிதம் எல்லாத் தாய்மாரும் எழுதுற கடிதம்."

"இது இல்லாட்டி அவங்களுக்கு வேற என்ன இருக்கு, அன்ரி?"

"இரவு வேலை செய்தவர் எண்டது இருக்கு. அது மட்டும் காணாது. நித்திரை வாறது அவருக்குத் தெரியும் எண்டதுக்கு வேற சாட்சி இல்லை. அவருக்கே ஞாபகமில்லை." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அம்மாவுக்குச் சொல்லப்போறீரா?"

"இல்ல."

படியிறங்கி வந்து தோசைக்கடை வாசலில் நின்றேன். உள்ளே யாரோ, "அண்ணே, ரெண்டு வடை பார்சல்" என்று இந்தியத் தமிழில் கத்தினார்கள். யோகா அன்ரியிடம் சொல்லாத ஒன்று இருந்தது.

கடிதம் எழுதுவதற்கு ஒரு கிழமை முன்பு, வேலை முடிந்த பின், பரிசோதனைக்கூடத்துக் கணினியில் அந்த வழிகாட்டித் தீர்ப்பை நான் தேடி எடுத்து முழுக்க வாசித்திருந்தேன். என் பழக்கம் அது. எதையும் மூலத்தில் வாசிக்கவேண்டும். ஓட்டுநரின் பிழையைக் கூட்டுகிறவை என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. வேகம், போதை, பயணத்தின் நீளம். தூக்கமின்மையின் அளவு. எச்சரிக்கைகளைப் புறக்கணித்தல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உம்மா அந்த வரியைச் சொன்னபோது என் பேனை நின்றது அதனால்தான். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதினேன். உம்மா சொன்னதை எழுதினேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். வழக்கறிஞர் வெட்டிவிடுவார் என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் மூவரும் ரயிலேறி செயின்ட் ஜேம்ஸில் இறங்கினோம். இந்த நாட்டில் ஆகஸ்ட் குளிர்காலம், காற்று கடித்தது. உம்மா கறுப்பு அபாயாவுக்கு மேலே ஹமீதின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார். கையில் சாப்பாட்டுப் பை. ஜலீல் அதை வாங்கப் பார்த்தார். உம்மா கொடுக்கவில்லை.

நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடியில், மரப்பலகை பதித்த பெரிய அறை. மூன்று நீதிபதிகள், நடுவில் ஒரு பெண். ரெஜினா எதிர் ஜலீல் என்று வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஆருகா இந்த ரெஜினா?" உம்மா என் காதில் கேட்டார்.

"மகாராணி, உம்மா. வழக்கு அவட பேரிலதான்."

"அவவும் வந்திருக்காவா?"

"இல்ல."

"வந்திருந்தா கதைச்சிருக்கலாம். அவவும் புள்ள பெத்தவதானே."

அரச தரப்பு வழக்கறிஞர் மெலிந்த மனிதர், பேச்சில் கடுமை இல்லை. ஹமீதின் பெயரை ஒவ்வொரு முறையும் சரியாக உச்சரிக்க முயன்றார். அவர் எங்கள் பக்கம் ஒருமுறை தலையை லேசாகத் தாழ்த்தினார். அவர் ஹமீதுக்காகப் பேசுகிறார் என்பது எனக்கு அப்போது உறைத்தது. அந்த அறையில் ஹமீதுக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். என் தம்பிக்கு ஒரு உயிர் இருந்தது, அது பெறுமதியானது, அதை எடுத்ததற்கு ஒரு விலை இருக்கவேண்டும் என்று, நான்கு மாதம் என் அறைக் கதவுக்குப் பின்னால் நான் வாய்க்குள் சொன்னதை, அந்நியர் ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் நெஞ்சு ஒருகணம் அவரோடு போனது. உடனே அடுத்த வரிசையில் ஜலீலின் பிடரி தெரிந்தது. முடி வெட்டி வந்திருந்தார். வெட்டிய இடத்தில் தோல் வெளிறியிருந்தது.

பிறகு நடு நீதிபதி கடிதத்தைக் கையில் எடுத்து, அந்த இடத்தைச் சத்தமாக வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

உம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் சாரா உம்மா என்ற பெயர் கேட்டது. ஜலீல் என்ற பெயர் கேட்டது. டீ என்ற சொல் அவருக்குத் தெரியும். உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"என்ட காயிதம்," என்றார். "என்ட காயிதத்த வாசிக்கிறா புள்ள."

அவருடைய முகம் மலர்ந்திருந்தது. மூன்று நீதிபதிகளும் அந்தத் தாளைக் குனிந்து பார்த்தார்கள். உம்மா என் கையை விடாமல், உதடு மட்டும் அசைய துஆ கேட்கத் தொடங்கினார்.

மதிய இடைவேளைக்குப் பிறகு தங்கள் முடிவைச் சொல்வதாக அறிவித்து எழுந்தார்கள்.

ஹைட் பார்க்கில் ஒரு பெஞ்சில் உம்மா சாப்பாட்டுப் பையைத் திறந்தார். இடியப்பம், முட்டை ஆணம், சம்பல். எல்லாம் ஆறியிருந்தது. ஜலீல் இந்தமுறை மறுக்காமல் சாப்பிட்டார். வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். உம்மா லுஹர் தொழ இடம் தேடி, மரத்தடியில் ஒரு துண்டை விரித்தார். நானும் ஜலீலும் பெஞ்சின் இரண்டு முனையில் இருந்தோம்.

"ஜலீல்," என்றேன். அவருடைய பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டது குறைவு. "அந்த வரிய எழுதக்குள்ள எனக்குத் தெரியும். அது உங்களுக்குக் கெடுதல் செய்யுமெண்டு. நான் முதல்லயே வாசிச்சிருந்தன்."

அவர் இடியப்பத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். கோபம் இல்லை.

"எனக்கும்தான் தெரிஞ்சிருந்த," என்றார். "யோகா அன்ரி கோர்ட்டுல குடுக்க முதல் எனக்குக் காட்டினவ. வேணாமெண்டா வெட்டலாம் எண்டவ."

"ஏன் வெட்டச் சொல்லல்ல?"

"அண்டைக்கு நடந்தது ஒண்டும் எனக்கு ஞாபகமில்லயே, ரைஹானா. அவன் என்ன கதைச்சிக்கிட்டு வந்தான், பாட்டுப் போட்டானா, ஒண்டும் தெரியா. காயிதத்துல வாசிச்சதுதான், மாமி படுக்கச் சொன்னது, நான் கேக்காதது, தேத்தண்ணி குடிச்சது, அந்த நாளில எனக்கெண்டு இருக்கிறது அவ்வளவுதான். அதையும் வெட்டினா..."

புறா ஒன்று காலடியில் வந்து நின்றது. அவர் இடியப்பத்தில் கொஞ்சம் கிள்ளிப் போட்டார்.

"நீங்க கோவத்துலயா எழுதின?"

"தெரியா," என்றேன். அது உண்மை. எந்தக் கருவியிலும் அளக்க முடியாத உண்மை. "எனக்கே தெரியா."

"தெரிஞ்சா சொல்லுங்க," என்றார். "ஏசமாட்டன்."

உம்மா ஸலாம் கொடுத்து எழுந்து, துண்டை உதறிக்கொண்டு வந்தார். "அந்தப் பொம்புள ஜட்ஜ் நல்ல முகம்," என்றார். "வாசிக்கக்குள்ள கண்டன். வாங்க, பிந்தினா குத்தம் சொல்லுவாங்க."

இரண்டு மணிக்கு அது எட்டு நிமிடத்தில் முடிந்தது. தாயின் மன்னிப்பு அவருக்குப் பெருமை சேர்க்கிறது என்றார் நடு நீதிபதி. ஆனால் தண்டனை ஒரு குடும்பத்தின் சார்பில் கொடுக்கப்படுவதல்ல, சமூகம் முழுவதன் சார்பில் கொடுக்கப்படுவது. மாவட்ட நீதிபதியின் கருணை புரிந்துகொள்ளக்கூடியது, ஆனால் தவறு. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. இரண்டாம் தடவையாகத் தண்டனைக்கு நிற்பவர் என்பதால் மூன்று வருடத்தைக் குறைத்து, இரண்டு வருடம் சிறை, அதில் பதினைந்து மாதம் கட்டாயம் உள்ளே. விரிவான காரணங்கள் பின்னர்.

சீருடைக்காரர் ஒருவர் ஜலீலின் அருகில் வந்து நின்றார். ஜலீல் எழுந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பணப்பை, கைத்தொலைபேசி, அறைச் சாவி. ஒவ்வொன்றாகத் தடுப்புக்கு மேலால் என் கையில் வைத்தார். கடிகாரம் சூடாக இருந்தது. உம்மாவைப் பார்த்து, "மாமி, போட்டு வாறன்" என்றார், வெள்ளிக்கிழமைகளில் சொல்வது போல. பக்கத்துக் கதவு திறந்தது. அங்கே கீழே போகும் படி தெரிந்தது. கதவு மூடிக்கொண்டது.

வீதிக்கு வந்ததும் உம்மா திரும்பி நீதிமன்ற வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் இதால வரமாட்டான், உம்மா."

"எத்தின மாசம்?"

"பதினஞ்சு. மறுகா ஊருக்கு அனுப்பிடுவாங்க."

உம்மா விரல்களை மடித்தார். நோன்பை, ஹஜ்ஜை, அப்படி எதையோ வைத்து எண்ணினார் போல. கறுப்பு அங்கிக்காரர்கள் கோப்புப் பெட்டிகளைச் சில்லு வண்டியில் இழுத்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள்.

"காயிதத்த வாசிச்சாங்கதானே?"

"ஓம் உம்மா. வாசிச்சாங்க."

"அப்ப நான் வடிவாச் சொல்லல்ல போல," என்றார் உம்மா.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது என் கையிலிருந்த ஜலீலின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. சின்னத் திரையில் நீளமான ஒரு எண். அக்கரைப்பற்று எண். இன்றைக்கு வழக்கு என்று ஜெய்னம்பு மாமிக்குத் தெரியும். அடித்து நின்றது. திரும்ப அடித்தது. உம்மா அதை என்னிடமிருந்து வாங்கி, எந்தப் பொத்தான் என்று கேட்டு, அழுத்திக் காதில் வைத்தார்.

"ஜெய்னம்பு, நான் சாரா உம்மா. ஓம். ஓம், நல்லா இருக்கான். தின்னவன். வயிறு நிறையத் தின்னவன்." தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "புள்ளய வெச்சிக்கிட்டாங்க, ஜெய்னம்பு. என்ட காயிதத்துல என்னமோ பிழ. நான் சொன்னதுல என்னமோ பிழ. நீ என்னப் பொறுத்துக்க..."

நான் கையை நீட்டினேன்.

"உம்மா, தாங்க. பிழ உங்கட இல்ல. நான் கதைக்கணும்."

உம்மா தராமல் என்னைப் பார்த்தார். நான் பேசுகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களோடு கூட நான் பேசுவதில்லை. மெதுவாகத் தொலைபேசியை அவர் விரல்களிலிருந்து எடுத்துக் காதில் வைத்தேன். அது ஈரமாக இருந்தது.

"மாமி, நான் ரைஹானா."

மறுபக்கம் மூச்சுச் சத்தம். பிறகு, "சொல்லு மகள்" என்று ஒரு குரல், மிக மெல்லியதாக. அதற்குப் பின்னால் யாரோ கிணற்றில் வாளியை இறக்கும் சத்தம் கேட்டது. கப்பி கிறீச்சிட்டுச் சுழன்றுகொண்டே இருந்தது. ஆழமான கிணறாக இருக்கவேண்டும். தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி, வாளி தண்ணீரைத் தொடுவதற்காகக் காத்து நின்றுகொண்டிருந்தேன்.